மாரியாத்தாளும் மோட்டார் ரூம் டயர்களும்

கோவை உக்கடத்தில் என் பேக்கரிக்கும் மாரப்பனின் பஞ்சர் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் டியூபுக்கு ஒட்டுப் போட்டுச் சூடு காட்டினால் இந்தப் பக்கம் என் தேங்காய் பன்னில் ரப்பர் வாசம் ஏறிவிடும். இதற்காக நான் மாரப்பனோடு எத்தனையோ முறை சண்டைக்குப் போயிருக்கிறேன். அவன் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. பதில் எல்லாம் அவன் மனைவி மாரியாத்தாளிடமிருந்துதான் வரும். "ஏனுங்ணா, உங்க அடுப்புப் புகையில என்ற டியூப்பெல்லாம் பன்னு வாசம் அடிக்குது. நான் எதாச்சும் கேட்டனுங்களா?" என்பாள். அதற்கு மேல் என்ன பேசுவது. ஒரு டீயைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

மாரப்பன் பஞ்சர் ஒட்டுவான், டயர் கழற்றுவான், மாட்டுவான். மாரியாத்தாள் டயரைப் பார்ப்பாள். கேட்பதற்கு இது ஒரு வேலையாகவே தெரியாது. ஆனால் தொண்ணூறுகளில் காருக்கு டயர் வாங்கிய கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் உக்கடத்துக்கு வந்து அவளிடம் காட்டிவிட்டுப் போனவர்கள் அநேகம். திருப்பூரிலிருந்து வருவார்கள், பொள்ளாச்சியிலிருந்து வருவார்கள். சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரம் செய்கிற ஒருவர், மலைமேல் இருக்கிற முருகனுக்கு அடுத்தபடியாக மாரியாத்தாளைத்தான் நம்புகிறேன் என்று என் கடையில் உட்கார்ந்து சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் என் மச்சான் ஒரு பழைய வேன் வாங்கியபோது, அவரை இழுத்துக்கொண்டு அவளிடம் போனது நான்தான்.

அந்த நாளில் டயரில் நடந்த தில்லுமுல்லு கொஞ்சநஞ்சமல்ல. தேய்ந்து வழுக்கையான டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகக் கோடு வெட்டி, கறுப்புப் பாலிஷ் பூசி, மேலே தாளைச் சுற்றி வைத்தால் விவரமான ஆட்களே ஏமாந்துபோவார்கள். மேல் ரப்பரை மாற்றி ஒட்டிய டயரைப் புதுசு என்று தலையில் கட்டுவார்கள். தயாரித்த தேதி எண்ணைச் சுரண்டிவிடுவார்கள். சுரண்டாவிட்டாலும் அதனால் பெரிய உபகாரம் இல்லை. அப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு எண், வருடத்துக்கு ஒரே ஒரு எண். கடைசியில் ஒன்பது என்று இருந்தால் அது எழுபத்தொன்பதா எண்பத்தொன்பதா என்று டயர் சொல்லாது. மாரியாத்தாள் சொல்வாள்.

அவள் டயர் பார்ப்பதை நான் சலிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் முகர்ந்து பார்ப்பாள். பிறகு கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தி, பள்ளம் எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறது என்று கவனிப்பாள். கோட்டுக்குள் விரலை விட்டு அடியைத் தடவுவாள். கம்பெனியில் வார்த்த கோட்டின் அடி வழவழவென்று இருக்குமாம், கத்தி வெட்டிய கோட்டின் அடி அலை அலையாக இருக்குமாம். அப்புறம் டயரை விரித்துப் பிடித்துத் தலையை உள்ளே விட்டுக்கொள்வாள். எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பாள். ஏன் என்று கேட்டேன். "எண்ணை மொதல்ல பாத்தா கண்ணு அதையே நம்பிக்குமுங்ணா. அப்பறம் டயரு என்ன சொன்னாலும் காதுல ஏறாது" என்றாள். பார்த்து முடித்ததும் 'ஆவும்' அல்லது 'ஆவாது' என்று ஒரு சொல். அதையும் ஒரு தடவைதான் சொல்வாள். எதிராளி நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, மறுதடவை அவள் வாயிலிருந்து வராது.

இந்தக் கண் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. கிணத்துக்கடவுப் பக்கம் பாலுசாமி என்கிறவருடைய தென்னந்தோப்பில் அவள் அப்பா பண்ணையாளாக இருந்தவர். அந்தத் தோட்டத்துச் சாளைக் குடிசையில்தான் இவள் பிறந்தாள். தேங்காய் பொறுக்குகிற வயதில், எனக்கு இது வேண்டாம் என்று பொள்ளாச்சி ரோட்டில் இருந்த ஒரு டயர் ரீட்ரேடிங் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். முதலில் ரப்பர் தூள் கூட்டுகிற வேலை. லாரி டயருக்கு மேல் ரப்பர் மாற்றுவதற்கு முன்னால், உள் கூடு தாங்குமா என்று ஒருவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆள் விளக்கைப் போடுவதற்குள் கூட்டிக்கொண்டிருந்த இவள் 'ஆவாது' என்பாளாம். கோபித்துக்கொண்டார், திட்டினார், கடைசியில் கம்பெனிக்காரர்கள் விளக்கை இவள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். கல்யாணமாகி உக்கடத்துக்கு வரும்வரை அந்த விளக்கு அவளிடம்தான் இருந்தது.

அவள் தப்பே செய்யாதவள் என்று நான் கயிறு திரிக்க மாட்டேன். பக்கத்து ஸ்டாண்டில் டாக்சி ஓட்டிய சாமுவேலின் நல்ல டயர் ஒன்றை வெடிப்பு விழுந்தது என்று கழித்துப் போட்டுவிட்டாள். அது வெடிப்பு அல்ல, காய்ந்துபோன பெயின்ட் கோடு என்று பிறகு தெரிந்தது. அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்கு நடந்து போய், அவர் மனைவி முன்னால், "நாந்தானுங்க தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். சாமுவேல் இதை ஊரெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு அவளிடம் கூட்டம் அதிகமானதே தவிரக் குறையவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் டயர் விற்க மாட்டார்கள். எத்தனையோ கம்பெனி ஆட்கள் வந்து ஆசை காட்டினார்கள். மாரப்பனுக்குக்கூட ஒரு சபலம் இருந்தது. "பாக்கறவ விக்கக்கூடாது. வித்தா கண்ணு கெட்டுப்போயிரும்" என்று சொல்லி அவள் பிடித்த பிடியில் நின்றுவிட்டாள்.

இப்படி இருந்தவள் டயர் பார்ப்பதையே விட்டுவிட்டாள் என்றால் யாராவது நம்புவார்களா. தொண்ணூற்றாறில் அது நடந்தது.

மாசி மாதம் ஒரு நாள் பாலுசாமி தன் அம்பாசிடரில் வந்து இறங்கினார். டிக்கியிலும் பின் சீட்டிலுமாக ஐந்து டயர்கள். மாரியாத்தாளின் அப்பா அவரை எசமான் என்கிற அர்த்தத்தில் 'பண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார். இவள் எல்லோரையும் போல 'ஏனுங்க' என்பாள். அதில் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, பயம் மட்டும் இல்லை.

"மாரியாத்தா, புள்ளையையும் கொழந்தையையும் வர்ற புதன்கெழமை வால்பாறைக்குக் கொண்டுபோயி உடறோம். கொழந்தைக்கு மூணு மாசமாச்சு. மாப்பிள்ளைக்கு எஸ்டேட் ஆபீசுல வேலை, ஊடும் அங்கதான். மலை ரோடு பாரு, அதான் இந்தப் புது செட்டைப் போட்டரலாம்னு வந்தேன். மாரப்பனை மாட்டச் சொல்லு" என்றார்.

டயர்கள் பளபளவென்று இருந்தன. புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகூட உதிரவில்லை. ஒவ்வொன்றிலும் சந்தனம் வைத்த தடம் மஞ்சளாகத் தெரிந்தது. மாரியாத்தாள் முகர்ந்தாள், நகத்தால் அழுத்தினாள், தலையை உள்ளே விட்டாள், கடைசியில் எண்ணைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "இதை எங்கீங்க வெச்சிருந்தீங்க?"

பாலுசாமி பெருமையோடு சொன்னார். எண்பத்தொன்பதில் விலை ஏறப்போகிறது என்று கேள்விப்பட்டு நல்ல கடையில் ஒரே தடவையாக ஐந்தையும் வாங்கினாராம். பழைய டயர் தேய்கிறவரைக்கும் இருக்கட்டும் என்று கிணற்று மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டினாராம். தோட்டத்தில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது, சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மோட்டாருக்குப் பொட்டு வைக்கும்போது, இவற்றையும் விளக்கெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டுவாராம். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

மாரியாத்தாள் டயரைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "டயரு நல்ல டயருங்க. கம்பெனி டயருதான், கடைக்காரரு உங்களை ஏமாத்தலை. ஆனா இப்ப ஆவாதுங்க" என்றாள்.

"ஏனாம்?"

"மோட்டாரும் ஸ்டார்டரும் ஓடறப்ப ஒரு வாசம் வருமில்லீங்க, அந்தக் காத்து ரப்பருக்கு ஆவாதுங்க. வருசக்கணக்கா அதுலயே கெடந்திருக்குது. வெக்கை வேற, எண்ணெய் வேற. மேல மினுமினுன்னு இருக்குது, உள்ளுக்குள்ள அரிச்சுப்போச்சுங்க."

ஸ்டாண்டு டிரைவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மோட்டாரு டயரைத் திங்குதாமா? அப்ப கெணத்து மோட்டாருக்குத் தெனமும் ரெண்டு டயரு தீவனம் வெக்கோணும்" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பாலுசாமியின் முகம் சிவந்துவிட்டது. சிரித்தவர்கள் மேல் வந்த கோபத்தை அவளிடம் காட்டினார்.

"புதுசு விக்கறதுக்காகச் சொல்றியா?"

அங்கே சட்டென்று சிரிப்பு நின்றது. அவளிடம் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. அவள், "நாங்க டயரு விக்கறதில்லீங்க" என்று மட்டும் சொன்னாள்.

"உன்றப்பன் என்ற தோட்டத்துல இருந்தவன். ஒரு நாளும் எனக்கு எதுத்துப் பேசுனதில்லை."

"அப்பனுக்கு டயரைப் பத்தித் தெரியாதுங்க."

பாலுசாமி ஐந்து டயரையும் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். காந்திபுரத்தில் வேறு ஒரு கடையில் மாட்டிவிட்டார் என்று அன்று சாயங்காலமே சாமுவேல் வந்து சொன்னார்.

அதன் பிறகு மாரியாத்தாள் சரியாக இல்லை. என் அடுப்புப் புகை அவள் கடைக்குள் மூட்டமாகப் போயும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தகரத் தடுப்பைத் தட்டினாள்.

"ஏனுங்ணா, நாளைக்குக் காலையில உங்க எம்.எய்ட்டி வண்டியை எடுங்க. கெணத்துக்கடவு போகோணும்."

"எதுக்கு? நீதான் ஒருக்கா சொல்லிட்டா முடிஞ்சுதுன்னு இருக்கிறவளாச்சே" என்றேன்.

"மூணு மாசக் கொழந்தைங்ணா" என்றாள்.

"என்ற அடுப்பை யாரு பாக்கறது?"

"அவரு பாத்துக்குவாருங்க" என்று மாரப்பனைக் காட்டினாள். மறுநாள் மாரப்பன் சுட்ட பன்னைப் பற்றி நான் இங்கே பேச விரும்பவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்பாசிடர் வாசலில் புறப்படத் தயாராக நின்றது. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி. பாலுசாமியின் மனைவி முத்தாத்தாள் பேரனைக் கையில் வைத்திருந்தார். மகள் பின் சீட்டில் இடது ஓரமாக உட்கார்ந்து, குழந்தையை வாங்கக் கையை நீட்டியிருந்தாள். அந்தப் பெண்ணுக்கும் மாரியாத்தாளுக்கும் நடுவில் இருந்தது ஒரு கார்க் கதவுதான். அதன் கீழே அவள் 'ஆவாது' என்ற டயர்களில் ஒன்று.

"எதுக்கு வந்த?" என்றார் பாலுசாமி.

"நான் ஒருக்கா சொன்னா மறுக்கா சொல்றதில்லீங்க. இன்னிக்கு மறுக்கா சொல்றேன். இந்த டயரு மலைக்கு ஆவாதுங்க."

"நல்ல காரியத்துக்குப் பொறப்படறப்ப அபசகுனமாப் பேசாத."

"பேசலீங்க. அம்மணியும் கொழந்தையும் சித்த நேரம் எறங்கட்டும். அவுங்க எடத்துல நான் உக்கார்றேன். ஆழியாறு தாண்டி மலையில அருவி வரைக்கும் போயிட்டு வரலாம். டயரு தாங்கிப்போட்டுதுன்னா இனி நான் ஒரு டயரையும் பாத்துச் சொல்லமாட்டேனுங்க. உக்கடத்துல எல்லாருகிட்டயும் நீங்களே சொல்லிப்போடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை வழியில் அவள் என்னிடம் மூச்சு விடவில்லை. பாலுசாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். ஸ்டாண்டில் எழுந்த சிரிப்பு இன்னும் அவர் காதில் இருந்திருக்க வேண்டும். "செரி ஏறு" என்றார்.

"பன்னெண்டுக்கு ராகு காலமுங்க" என்றார் முத்தாத்தாள்.

"அதுக்குள்ள வந்தரலாம். இந்த ஆளும் ஏறட்டும். எடை வேணுமல்ல" என்று என்னைக் காட்டினார் பாலுசாமி. நான் பேக்கரி நடத்துகிறவன், உடம்பும் அதற்குத் தகுந்தாற்போலத்தான் இருக்கும். அதை எடைக்கல்லாகப் பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான். போதாததற்கு டிக்கியில் இரண்டு மூட்டை தேங்காயையும் ஏற்றச் சொன்னார்.

மாரியாத்தாள் அந்தப் பெண் உட்கார்ந்த அதே இடத்தில், அந்தச் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்தாள். கதவுப் பிடியைப் பிடித்த கை விரல்கள் வெளுத்திருந்தன. "மாசாணியம்மா, மாசாணியம்மா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். பாலுசாமி வேண்டுமென்றே விரட்டினார். பொள்ளாச்சி தாண்டியது, தென்னந்தோப்புகள் தாண்டியது, ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியது. மலையில் அருவிக்குப் போகிற வளைவுகளில் வண்டி சாய்ந்து திரும்பும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. அருவிக்கு எதிரே வண்டியைத் திருப்பினோம்.

இறங்கி வந்ததும் ஆழியாறில் டீ வேண்டும் என்றாள். எப்போதும் என் டீயைக் கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் குடிக்கிறவள், அங்கே ஊதி ஊதிக் குடித்தாள். இன்னொரு டீ கேட்டாள். அப்புறம், அணையை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று படியேறிப் போனாள். டயரைத் தவிர வேறு எதையும் இவள் நின்று பார்த்து நான் கண்டதில்லை. என் பன் அங்கே என்ன கதியில் இருக்கிறதோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பாலுசாமிக்கோ ஜெயித்த மிதப்பு. எனக்கு டீயோடு ஒரு வடையும் வாங்கிக் கொடுத்தார்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. பாலுசாமி இறங்கி பானெட்டைத் தட்டினார். "தாங்குச்சு, பாத்தியா?"

மாரியாத்தாள் கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். "ஆமாங்க, தாங்கிப்போட்டுது. சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க. இனிப் பாக்கமாட்டேன்" என்றாள். பந்தயத்தில் தோற்றவர்கள் ஏதாவது சாக்குச் சொல்வார்கள். அவள் சாக்குத் தேடவில்லை.

வாசலில் நின்ற முத்தாத்தாள், குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். "கையி சில்லுன்னு கெடக்குது" என்றார். பிறகு கணவரிடம் திரும்பினார். "பொய் சொன்னவளா இருந்தா சொகமா உக்காந்து போயிட்டு வந்திருப்பாளுங்க. இவ உசுரைக் கையில புடிச்சுட்டுப் போயிட்டு வந்திருக்கறா. டயரு தாங்குச்சுங்கறதை நான் நம்பலை. இவ பயந்திருக்கறா பாருங்க, அதை நம்பறேன். ராகு காலம் முடிஞ்சு பொறப்பட்டா மலையில பொழுது சாஞ்சுபோகும், அதனால இன்னிக்கு வேண்டாம். அடுத்த நல்ல நாளுக்கு டாக்சி சொல்லுங்க."

பாலுசாமி நேராகப் போய், மேற்கொண்டு பேச்சு காதில் விழாதபடி கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டார்.

திரும்பி வரும் வழியில் நான் அவளைப் பிடித்து விளாசினேன். பிழைப்பை வைத்துப் பந்தயம் கட்டுவார்களா, அந்த டயர் இன்றைக்கே போகும் என்று உனக்கு என்ன ஜோசியமா தெரியும் என்று கத்தினேன். பின்னால் உட்கார்ந்தபடியே சொன்னாள்:

"எப்பப் போகும்னு டயரைக் கேட்டாச் சொல்லாதுங்ணா. இன்னிக்கும் போகலாம், ரெண்டு மாசம் கழிச்சும் போகலாம். அது எனக்குத் தெரியாதுங்களா? எப்படியாச்சும் மணி பன்னெண்டு தாண்டோணும்னுதான் போனேன். நல்ல நேரம் போயிட்டா இன்னிக்குக் கொழந்தையை ஏத்தமாட்டாங்கல்ல."

"நாளைக்கு ஏத்துனா?"

"நாளைக்கு வேற எதாச்சும் பண்ணியிருப்பேனுங்க."

அரை நாள் தாமதத்துக்காகத் தன் தொழிலையே தூக்கிக் கொடுத்துவிட்டாள் இந்தப் பெண். அன்றைக்கு எனக்கு அவள் மேல் வந்த மரியாதை இன்றுவரை இறங்கவில்லை. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், அப்படியானால் அடுப்புப் புகையை நிறுத்துங்கள் என்பாள்.

தாயும் பிள்ளையும் பங்குனியில் ஒரு நல்ல நாளில் சாமுவேலின் டாக்சியில் வால்பாறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாரியாத்தாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கிப் பார்த்துக் கொடுப்பாள், அவ்வளவுதான். சாமுவேல் தனியாக வந்து, "எனக்கு மட்டும் கண்ணைக் காட்டிடு மாரியாத்தா, யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்று கெஞ்சினார். "அது ஆவுங்களா" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். சென்னிமலைக்காரர் என் கடையில் உட்கார்ந்து ஒரு பாட்டம் புலம்பிவிட்டுப் போனார். கத்தி வெட்டு டயர்க்காரர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. ஸ்டாண்டில் அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் அதே மாதத்தில் ஏமாந்தார்கள். எனக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம்.

ஆனால் அவளைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. கெட்ட டயரோடு ஒரு வண்டி கடைக்கு முன்னால் வந்து நின்றால் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். வண்டி போகிறவரைக்கும் கழுத்து திரும்பாது. வாயில் வந்ததை விழுங்குகிறாள் என்று எனக்குத் தெரியும். சொல் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள் அந்த அம்பாசிடர் மறுபடி வந்து நின்றது. பின்பக்க இடது கதவு உள்வாங்கிப்போயிருந்தது. பாலுசாமி இறங்கினார். டிக்கியிலிருந்து ஒரு டயரைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்து கடை முன்னால் போட்டார். வெள்ளைச் சட்டையெல்லாம் கரி. டயரின் பக்கவாட்டில் கை நுழைகிற அளவுக்குக் கிழிசல், உள்ளே நூல் நூலாகத் தொங்கியது. டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். அவர் மாரியாத்தாளிடம் பேசவில்லை, அவர்களைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஊட்டுல எல்லாரும் வேண்டாம்னாங்க. நாந்தான் கேக்காம இதையே ஓட்டிட்டிருந்தேன். வியாழக்கெழமை பொள்ளாச்சி சந்தைக்குப் போயிட்டு வந்தனுங்க. கோயில்பாளையத்துக்கிட்ட, சமமான ரோடு, மெதுவாத்தான் வந்தேன். பின்னால எடது பக்கம் படார்னு போச்சு. வண்டி இழுத்துட்டுப் போயிப் புளியமரத்துல சாத்திருச்சு. எனக்கு ஒண்ணுமில்லை. பின் கதவுதான் உள்ள வந்துருச்சு." காரின் பின் கதவைக் காட்டினார். "வால்பாறைக்குப் பொறப்பட்ட அன்னிக்கு என்ற புள்ளை கொழந்தையை மடியில வாங்கறதுக்கு அந்தப் பக்கந்தான் உக்கார்ந்திருந்துச்சு."

தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டிலிருந்த கரி முகத்தில் ஏறியது. யாரும் சிரிக்கவில்லை.

"தோத்தது நானுங்க. இதை உங்க எல்லாத்துக்கு முன்னாலயும் சொல்லிப்போடோணும்னுதான் வந்தேன்." பிறகு அவளிடம் திரும்பினார். "செயிச்சவ எதுக்கு மாரியாத்தா வேலையை உடோணும்?"

"அன்னிக்குத் தாங்குச்சுங்களே" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பேரனை ஆடிப் பதினெட்டுக்குக் கூட்டிட்டு வாரோம். புது செட்டு வாங்கியாந்திருக்கேன், வண்டியில இருக்குது. நீ பாக்காத டயருல அவனை நான் ஏத்தமாட்டேன்."

அவள் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. மாரப்பனைப் பார்த்தாள். ஒரு நாளும் வாயைத் திறக்காத மாரப்பன் கையிலிருந்த டயர் கழற்றும் லிவரைக் கீழே வைத்துவிட்டு, "பாரு" என்றான்.

அவள் எழுந்து சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். டயரை இறக்க டிரைவர்கள் ஓடினார்கள். பாலுசாமி அவர்களைத் தடுத்துவிட்டார். ஒவ்வொன்றாகத் தானே உருட்டிக்கொண்டு வந்து, அவள் பார்ப்பதற்குத் தோதாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் டயரை முகர்ந்தாள், நகத்தால் அழுத்தினாள், உள்ளே தலையை விட்டாள். ஆவும் என்றாள். இரண்டாவதும் ஆவும். மூன்றாவதில் வெகு நேரம் எடுத்துக்கொண்டாள். கோட்டுக்குள் விரலை விட்டுச் சுற்றிலும் தடவினாள். மறுபடி முகர்ந்தாள். அது பெரிய கடையில் அன்று காலையில்தான் வாங்கிய டயர், சுற்றிய தாள்கூடப் பிரிக்காமல் கொண்டுவந்தது. எண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது ஆவாதுங்க."

பாலுசாமி ஏன் என்று கேட்கவில்லை. அந்த டயரை உருட்டிக்கொண்டு போய்க் காரில் தனியாகச் சாய்த்து வைத்துவிட்டு, நான்காவதை எடுத்துக்கொண்டு வந்தார்.